இளைஞர் மன்றத்துக்கு வங்கிக் கணக்கு: யார் பெயரில், யார் கையெழுத்தில்?

கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றின் இளைஞர் மன்றத்தினர் கேட்டிருப்பது இது. மன்றத்தில் 34 பேர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் கைப்பந்துப் போட்டி நடத்துகிறார்கள், ஒரு படிப்பகம் வைத்திருக்கிறார்கள், இரவு நேரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஜீப் பேசிக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஓர் அவசர நிதியும் சேர்த்து வருகிறார்கள். இதுவரை சேர்ந்த 46,000 ரூபாய் செயலாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. அவரோ அடுத்த மாதம் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார். மன்றத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்க முடியுமா, அதற்கு மன்றத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா, யார் யார் கையெழுத்திடுவது, இருக்கும் பணத்தை எப்படி மாற்றுவது என்பவை அவர்களுடைய கேள்விகள்.

நான் வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் மலைக் கிளைகளில்தான் கழிந்தன. சங்கக் கணக்குகள் பலவற்றைத் தொடங்கி வைத்திருக்கிறேன். அவற்றில் சில சண்டையில் முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மன்றத்தின் பெயரில் கணக்குத் தொடங்க முடியும், தொடங்கத்தான் வேண்டும். பொதுப்பணம் ஒருவருடைய பெயரில் இருக்கும்வரை, அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், வங்கியைப் பொறுத்தவரை அது அவருடைய சொந்தப் பணம். இதன் பொருள் என்ன என்பது நல்ல காலத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. நான் கவுன்டரில் இருந்த காலத்தில் ஒரு நாள் காலை, நான்கைந்து இளைஞர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து நின்றார்கள். திருவிழாவுக்கு ஊரில் வசூலித்த பணத்தை ஒரு நண்பனின் கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள். அவன் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோயிருந்தான். யார் வீட்டில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டில் பெயர் பெயராக எழுதியிருந்தது. ஆனால் கணக்கில் நாமினியாக இருந்தவர் அவனுடைய அம்மா. அவரிடம் மட்டும்தான் பணத்தைத் தர முடியும் என்பதைத் தவிர அந்த இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இல்லை. கணக்கில் இருந்ததில் ஊர்ப்பணம் எவ்வளவு, மகன் பூண்டு விற்றுப் போட்ட பணம் எவ்வளவு என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. பத்து நாள் துக்கம்கூட முடியாத நிலையில், ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று முழுத் தொகையையும் எடுத்து ஊரார் முன் வைத்துவிட்டார். அவனுடைய உழைப்பும் அந்தப் பணத்தோடு போயிற்று. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்று நான் பேசாமல் நின்றதை இன்றும் மறக்கவில்லை.

சாவு வரை போகவே வேண்டாம். உங்கள் செயலாளர் அதே வங்கியில் பயிர்க்கடனோ நகைக்கடனோ வாங்கித் தவணை தவறினால், அவருடைய கணக்கில் இருக்கும் தொகையைக் கடனுக்கு ஈடு செய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. நீதிமன்றம் அவருடைய கணக்கை முடக்கினால் மன்றப் பணமும் சேர்ந்தே முடங்கும். மூன்று பேர் சேர்ந்து தனிநபர் கூட்டுக் கணக்காகத் தொடங்கினாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது; அப்போதும் அது அந்த மூவருடைய பணம்தான், ஒருவர் தவறிப்போனால் அவருடைய வாரிசுகளும் கையெழுத்துக்கு வர வேண்டியிருக்கலாம்.

இனிப் பதிவைப் பற்றி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ஆம் ஆண்டில் வந்தது. குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர்கள் 20 பேருக்குக் குறையாமல் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தாலோ பதிவு செய்தாக வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் நிலை. நீங்கள் 34 பேர், கையிருப்பு 46,000 ரூபாய். ஆகவே பதிவு செய்யலாமா என்று யோசிக்க இடமே இல்லை, பதிவு செய்துவிடுங்கள். விண்ணப்பம் மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும். பத்திரம் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்த வேலை நடக்காது என்பதால் அங்கே போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். பதிவுத் துறையின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். சங்கத்தின் நோக்கங்களைச் சொல்லும் அமைப்புக் குறிப்பும், சங்கம் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லும் துணைவிதிகளும் விண்ணப்பத்தோடு வேண்டும். பலர் வேறொரு சங்கத்தின் துணைவிதிகளை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்வதானால்கூட வங்கிக் கணக்கு பற்றிய விதியை மட்டுமாவது நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். கணக்கை இயக்குபவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும், எந்தத் தொகைக்கு மேல் செயற்குழுவின் ஒப்புதல் வேண்டும், கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்ற நான்கும் அதில் இருந்தால், பிற்பாடு வரும் தகராறுகளில் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சிறிய விஷயத்தைக் கவனியுங்கள். பார்க்கச் சிறியது, ஆனால் மாதக்கணக்கில் அலையவிடும். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கவுஞ்சியைச் சிலர் ‘ஜி’ ஒலி எழுத்திலும் சிலர் ‘சி’ ஒலி எழுத்திலும் முடிக்கிறார்கள். பூம்பாறையின் முதலெழுத்தை அடுத்து ‘ஓ’ இரண்டா ‘யு’ ஒன்றா என்பதில் ஒற்றுமை இல்லை. பதிவுச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, பான் கார்டில் ஒன்று, ரப்பர் ஸ்டாம்பில் மற்றொன்று என்று இருந்தால் வங்கி கணக்குத் தொடங்காது. தொடங்கினாலும் மன்றத்துக்கு வரும் காசோலை பெயர் பொருந்தவில்லை என்று திரும்பும். முதல் கூட்டத்திலேயே மன்றத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லா விண்ணப்பங்களிலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் மன்றத்தின் பெயரில் பான் எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். செயலாளரின் பான் எண்ணை மன்றக் கணக்குக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மன்றத்துக்கு வரும் பணம் வருமானவரித் துறையின் கண்ணுக்கு அவருடைய வருமானமாகத் தெரியும். பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருக்குரியது என்பதைக் காட்டும்: தனிநபருக்கு ‘பி’, நபர்களின் கூட்டமைப்பு என்ற வகைக்கு ‘ஏ’. மன்றத்தின் கார்டு வந்தவுடன் அந்த எழுத்தைப் பாருங்கள். ‘பி’ என்று இருந்தால் விண்ணப்பத்தில் வகை தவறிவிட்டது என்று பொருள், உடனே திருத்துங்கள்.

வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியவை பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், மன்றத்தின் பான் கார்டு, நடப்பு நிர்வாகிகளின் பட்டியல், கணக்குத் தொடங்குவதற்கான தீர்மானத்தின் சான்றிட்ட நகல், கையெழுத்திடப் போகிறவர்களின் ஆதார், பான், புகைப்படங்கள் ஆகியவை. மன்றத்தை உண்மையில் நடத்துபவர்கள் யார் என்று ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். அசல்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுபோங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவு பெற்ற சங்கங்கள் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. வியாபார நிறுவனங்களுக்குத்தான் சேமிப்புக் கணக்கு கிடையாது. சில கிளைகளில், சங்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே நடப்புக் கணக்குப் படிவத்தை எடுத்து நீட்டுவார்கள். நடப்புக் கணக்கில் வட்டி வராது. குறைந்தபட்ச இருப்புக்கான தொகையும் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். பதிவுச் சான்றிதழைக் காட்டிச் சேமிப்புக் கணக்கே வேண்டும் என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். பதிவு முடியும் முன்பே கணக்கு அவசரம் என்றால், பதிவு பெறாத கூட்டமைப்புக்கும் வாடிக்கையாளரை அறியும் விதிகளில் வழி இருக்கிறது. நிர்வாகக் குழுவின் தீர்மானம், பான், கணக்கை இயக்குவோருக்கு அளித்த அதிகாரக் கடிதம், அவர்களுடைய அடையாள ஆவணங்கள், கூட்டமைப்பு உண்மையில் இயங்குகிறது என்பதற்கான சான்றுகள் ஆகியவற்றைக் கொண்டு தொடங்கலாம். ஆனால் அது மேலாளர் திருப்தி அடைவதைப் பொறுத்தது; உங்கள் மன்றத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தீர்மானம் எப்படி இருக்க வேண்டும் என்று பலரும் தடுமாறுகிறார்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை. ஓட்டை இல்லாமல் எழுதினால் போதும். மாதிரிக்கு ஒன்று: ‘மன்றத்தின் பெயரில் இன்ன வங்கியின் இன்ன கிளையில் சேமிப்புக் கணக்குத் தொடங்குவது எனவும், அக்கணக்கைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்குவது எனவும், நிர்வாகிகள் மாறும்போது மன்றத்தின் புதிய தீர்மானம் வங்கிக்குக் கிடைத்த நாள்முதல் பழைய கையெழுத்துகள் செல்லாது எனவும் இக்கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது.’ இதன் கீழே கூட்டத்துக்கு வந்த அனைவரும் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பகுதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பழைய பொருளாளர் கோபித்துக்கொண்டு செக் புத்தகத்தைத் தராமல் வைத்துக்கொள்ளும் நாளில் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த ஒரு வரிதான்.

கையெழுத்திடுவோரைத் தேர்ந்தெடுப்பதுதான் இவை எல்லாவற்றிலும் கடினமானது. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம் கேட்பது. மலையில் அதற்கு மேலும் சிலவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் படிப்புக்கு மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் போகிறார்கள், வேலைக்குத் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். இன்று ஊரில் இருக்கும் மூவரில் இருவர் அடுத்த தை மாதம் ஊரில் இருப்பார்களா என்பது நிச்சயம் இல்லை. ஆகவே மூவரில் ஒருவராவது காடு தோட்டம் என்று ஊரிலேயே வேரூன்றியவராக இருக்கட்டும். மூவருடைய பெயரும் கணக்கில் இருந்து, எந்தக் காசோலைக்கும் இருவருடைய கையெழுத்து போதும் என்று வைத்துக்கொண்டால் ஒருவர் வெளியூரில் இருந்தாலும் வேலை நிற்காது. ஒரே வீட்டைச் சேர்ந்த இருவரைப் போடாதீர்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஆனால் ஊரார் பார்வைக்கு ஒரு வீட்டுக் கையெழுத்து இரண்டும் ஒன்றுதான். உங்கள் மன்றத்தில் பெண்கள் இருந்தால் அவர்களில் ஒருவரைப் பொருளாளராக்குங்கள் என்பது என் சொந்தக் கருத்து. மகளிர் சுய உதவிக் குழுக்களில் மாதாமாதம் நோட்டு எழுதிப் பழகிய கைகள் இன்று ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்தப் பழக்கம் நம் இளைஞர்களுக்கு இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு தவற்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு அது. பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர், மன்னவனூரிலிருந்து ஏறக்குறைய 35. பேருந்து நினைத்த நேரத்துக்குக் கிடையாது. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் பாதையும் கிடையாது. அதனால் தலைவர் வெளியூர் போகும் முன், செக் புத்தகத்தில் பத்து இலைகளில் வெறுமனே கையெழுத்திட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த நிமிடமே இருவர் கையெழுத்து என்ற காவல் போய்விடுகிறது. இலை தொலைந்தாலும், தவறான கைக்குப் போனாலும், கையெழுத்து உண்மையானது என்பதால் வங்கி பணத்தைக் கொடுத்துவிடும். கணக்கில் பணம் இல்லாமல் அந்தக் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி வழக்கு வரும். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் இருக்கிறது. கையெழுத்திட்டவர்கள் அதில் சிக்குவார்கள், எழுதாத இலையில் கையெழுத்திட்டேன் என்பது அவர்களைக் காப்பாற்றாது. மூன்றாவது கையெழுத்துக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவே காரணம். அதுவும் இயலாத நாளில், பெயரும் தொகையும் தேதியும் நிரப்பிய காசோலையைப் பேருந்தில் வருபவரிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால் இரண்டு நாள் தாமதம் எதையும் கெடுத்துவிடாது. நிரப்பும்போது அடித்தல் திருத்தல் கூடாது; தொகையிலோ பெயரிலோ ஓர் எழுத்துப் பிழைத்தாலும் இலையைக் குறுக்கே கோடிட்டு ரத்து செய்து புத்தகத்திலேயே வைத்துவிட்டு வேறொன்று எழுதுங்கள்.

செக் புத்தகம் பொருளாளரிடமும், பாஸ்புக் செயலாளரிடமும், ரப்பர் ஸ்டாம்ப் தலைவரிடமும் இருக்கட்டும். குறுஞ்செய்தி வரும் கைபேசி எண் கையெழுத்திடும் மூவரில் செக் புத்தகம் வைத்திருக்காத ஒருவருடையதாக இருப்பது நல்லது. பணம் வெளியேறும்போது இன்னொருவருக்கு உடனே தெரிய வேண்டும் என்பதே அதன் பயன். கூட்டாக இயக்கும் கணக்குக்குப் பொதுவாக ஏடிஎம் கார்டு தர மாட்டார்கள், அதற்காக வருந்தாதீர்கள். ஊரில் இருக்கும் வங்கித் தொடர்பாளரின் கைரேகை இயந்திரத்திலும் இருவர் கையெழுத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வழியில்லை. மன்றக் கணக்குக்கு நாமினி போட முடியாது, அது தனிநபர் கணக்குகளுக்கு மட்டுமான வசதி. மன்றத்தில் நிர்வாகிகள் மாறுவார்கள், மன்றம் இருக்கும்.

இனி வரவு செலவு. வந்த பணம் எதுவானாலும் முதலில் வங்கிக்குப் போக வேண்டும், செலவு வங்கியிலிருந்து வெளியே வர வேண்டும். வசூலில் இருந்தே செலவு செய்துவிட்டு மீதியை மட்டும் கட்டுவது நம் ஊர் வழக்கம். அப்படிச் செய்தால் பாஸ்புக்கில் உண்மை வரவு தெரியாது, இரண்டாண்டு கழித்து யார் கேட்டாலும் நிரூபிக்கவும் முடியாது. போட்டி ஞாயிற்றுக்கிழமை, வங்கி விடுமுறை, அன்றைக்கு எப்படி என்று கேட்பீர்கள். ஒரு போட்டிக் கணக்கை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை போட்டிச் செலவுக்கு முன்பணமாக 13,000 ரூபாயைக் காசோலை மூலம் எடுக்கிறீர்கள். ஞாயிறன்று 16 அணிகளிடம் நுழைவுக் கட்டணம் தலா 500 வீதம் 8,000 ரூபாய், ரசீது எண் 41 முதல் 56 வரை. நன்கொடை 6,500 ரூபாய், ரசீது எண் 57 முதல் 69 வரை. ஆக வரவு 14,500. செலவில் வலையும் இரண்டு பந்தும் 3,200, ஒலிபெருக்கி வாடகை 2,500, மதிய உணவு 4,150, பரிசுக் கோப்பைகள் 2,700, ஆக 12,550. ஒவ்வொன்றுக்கும் பில்லோ, கையெழுத்திட்ட வவுச்சரோ இருக்கிறது. முன்பணத்தில் மிச்சம் 450. திங்கட்கிழமை காலை 14,500 ரூபாயையும் ஒரு ரூபாய் குறையாமல் செலான் எழுதிக் கட்டிவிட்டு, 450ஐத் தனியாகக் கைரொக்கத்தில் காட்டுகிறீர்கள். இப்போது பாஸ்புக்கைத் திறந்தால் போட்டிக்காக எடுத்த தொகையும் போட்டியில் வந்த தொகையும் முழுதாக இருக்கும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைக் கூட்டினால் அதே தொகை வரும். இதைப் பார்க்கும் ஊர்ப் பெரியவர் அடுத்த ஆண்டு தானாகவே கை நீட்டி நன்கொடை தருவார், நான் பார்த்திருக்கிறேன்.

அவசர நிதியைப் பற்றிச் சற்று யோசித்தேன். நள்ளிரவில் ஜீப்புக்குக் காசோலை எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அதற்கு மட்டும், துணைவிதியில் எழுதி, 3,000 ரூபாய் போன்ற ஒரு நிலையான தொகையை ஊரில் இருக்கும் ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுத்து வையுங்கள். செலவானதும், எந்தத் தேதியில் யாரைக் கொண்டுபோனது, ஓட்டுநருக்கு எவ்வளவு என்று எழுதிய சீட்டைக் கொடுத்து, செலவான அளவுக்கு மட்டும் காசோலை வாங்கி மீண்டும் நிரப்பிக்கொள்ளட்டும். எந்த நாளில் எண்ணினாலும் ரொக்கமும் சீட்டுகளும் சேர்ந்து 3,000 வர வேண்டும்.

மாதம் ஒரு முறை ரொக்கப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் ஒப்பிடுங்கள். பாஸ்புக்கில் 21,450 இருந்து உங்கள் புத்தகத்தில் 18,750 இருந்தால் பதற வேண்டாம். யாராவது ஒரு கடைக்காரர் நீங்கள் கொடுத்த 2,700 ரூபாய்க் காசோலையை இன்னும் வங்கியில் போடாமல் வைத்திருப்பார். அந்தக் காரணத்தை எழுதிச் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட வேண்டும். காரணம் தெரியாத வித்தியாசம் ஐம்பது ரூபாயானாலும் விடக் கூடாது.

கியூஆர் அட்டை பற்றி ஒரு வார்த்தை. நன்கொடை இப்போது பெரும்பாலும் கைபேசியில்தான் வருகிறது. அதனால் யாராவது ஒருவர் தன் சொந்த எண்ணை மேடையில் ஒட்டிவிடுகிறார். இவ்வளவு பாடுபட்டு ஒதுக்கிய பழைய சிக்கல் அங்கே திரும்பவும் நுழைகிறது. மன்றக் கணக்குக்குப் பணம் வாங்குவதற்கான கியூஆர் அட்டையைக் கிளையிலேயே கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் செய்தால் மன்றத்தின் பெயர் தெரிய வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது எழுத வேண்டும். ரசீதில் வரிவிலக்கு உண்டு என்று அச்சடிக்காதீர்கள். 80ஜி என்று மக்கள் அறிந்த சலுகைக்கு வருமானவரித் துறையிடம் தனி அங்கீகாரம் பெற வேண்டும், சங்கப் பதிவு மட்டும் அதற்குப் போதாது.

கொடைக்கானல் என்பதால் வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உங்கள் படிப்பகத்தைப் பார்த்து மனம் நெகிழ்ந்து ஒரு வெளிநாட்டுப் பயணி 5,000 ரூபாய் நீட்டலாம். ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களும் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு வைத்து அதில்தான் வாங்க வேண்டும். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் நம் ஊர்க்காரர், இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும். இந்த வேறுபாடு தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வேறு இரண்டும் ஒருபோதும் வேண்டாம். ஒன்று, மன்றத்தின் பெயரில் பரிசுக் குலுக்கல் சீட்டும் ஏலச் சீட்டும் நடத்துவது. லாட்டரி விற்பனை தமிழ்நாட்டில் 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். மற்றொன்று இதைவிட ஆபத்தானது. ‘உங்கள் சங்கக் கணக்கில் சில நாள் பணம் வந்து போகட்டும், உங்களுக்குக் கமிஷன் தருகிறோம்’ என்று யாராவது வருவார்கள். அது இணைய மோசடியில் ஏமாந்தவர்களுடைய பணமாக இருக்கும். போலீஸ் முதலில் முடக்குவது உங்கள் கணக்கை, முதலில் கூப்பிடுவது கையெழுத்திட்ட பிள்ளைகளை. தெரியாத தொகை ஏதேனும் கணக்கில் வந்தால் தொடாமல் அன்றே கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கணக்கிலிருந்து பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைத்துவிட்டு வங்கிக்கும் சொல்லுங்கள், தாமதிக்கத் தாமதிக்க மீட்பது கடினம்.

கணக்கைத் தொடங்கியபின் மறந்துவிடும் மன்றங்களும் உண்டு. இரண்டு ஆண்டுகள் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும். பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போய்விடும். திரும்பக் கேட்டுப் பெறலாம், ஆனால் அன்று பழைய நிர்வாகிகள் எங்கே இருப்பார்களோ! பதிவாளர் அலுவலக வேலைகளும் ஆண்டுதோறும் இருக்கின்றன. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும், தணிக்கை செய்த வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். கையெழுத்து மாற்றத்துக்கு வங்கிக்குப் போகும்போது அந்தப் படிவத்தின் நகலைத்தான் முதலில் கேட்பார்கள். அது இல்லாததால் ஆண்டுக்கணக்கில் பணத்தைத் தொட முடியாமல் நின்ற சங்கங்கள் உண்டு. கிளையில் காரணம் சொல்லாமல் இழுத்தடித்தால் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் எதுவும் இல்லாமல் முறையிடலாம்.

கடைசியாக, செயலாளர் கணக்கில் இருக்கும் 46,000 ரூபாய். அவர் திருப்பூர் போகும் முன் மன்றப் பதிவு முடிந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டத்தைக் கூட்டி, இன்ன தேதியில் அவருடைய இன்ன கணக்கில் மன்றத்துக்குரிய தொகை 46,000 ரூபாய் இருக்கிறது, மன்றக் கணக்கு தொடங்கியவுடன் அதை முழுதாக மாற்றித் தருவார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவரும் வந்திருப்பவர்களும் கையெழுத்திடுங்கள். அதுவரை அந்தக் கணக்கிலிருந்து மன்றச் செலவு எதுவும் வேண்டாம். கணக்குத் தொடங்கியதும் அவர் ரொக்கமாக எடுத்துத் தரக் கூடாது; திருப்பூரிலிருந்தே மன்றக் கணக்குக்கு நேரடியாக மாற்றட்டும், இரண்டு பக்கத்திலும் பதிவு இருக்கும். பணம் வந்த அன்று அவர் பெயரில் மன்றத்தின் ரசீது ஒன்றை எழுதி, அந்த மாற்றம் தெரியும் பாஸ்புக் பக்கத்தின் நகலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி, இத்தனை காலம் மன்றப் பணத்தைப் பைசா குறையாமல் காத்துத் தந்ததற்கு நன்றித் தீர்மானம் ஒன்றும் நிறைவேற்றி, அதன் நகலை அவருக்கு அனுப்பி வையுங்கள்.